மாமனாருக்கு வரன் பார்த்த மாப்பிள்ளை

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மனைவி செய்தித்தாளை உரக்கப் படித்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா? இனிமே யாரு எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் இன்டர்நெட் கம்பெனிக்காரங்க அதை ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து வச்சிருக்கணுமாம். கவர்மென்ட் உத்தரவு!"

உள்ளே கண்ணாடிக்காரர் குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணிக்குச் செல்போனில் கடிதம் தட்டிக்கொண்டிருந்தார். 'தங்கள் பதில் வராவிட்டால் எனக்குப் பொழுதே' என்பது வரைக்கும் வந்தாயிற்று. கை அங்கேயே நின்றுவிட்டது.

"எல்லார் வீட்டுதையுமா?" என்று குழாய்ச் சத்தத்துக்கு மேல் கேட்டார்.

"எல்லார் வீட்டுதையும்தான். லைன் யார் பேர்ல இருக்கோ அவங்க கேட்டா ஒரு காப்பி குடுப்பாங்களாம். நம்ம லைன் என் பேர்லதானே இருக்கு?"

"ஆமா... அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

கல்யாணமான எந்த ஆணுக்கும் தெரியும், மனைவி சும்மா கேட்பது எதுவுமே சும்மா கேட்பது அல்ல. கண்ணாடிக்காரர் செல்போனை அவசரமாகத் துண்டுக்குள் சுற்றினார்.

அவசரப்பட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பரம சாது அவர். அந்தக் கடிதமும் அவருக்காக அல்ல. அவருடைய மாமனாருக்காக.

மாமனார் மனைவியை இழந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். ஒருநாள் கண்ணாடியின் காது உடைந்துவிட்டதென்று கடைக்கு வந்தார். உடைந்திருக்கவே இல்லை. கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "மாப்பிள்ளை, டிவியில நியூஸ் வாசிக்கிற பொண்ணு 'வணக்கம்'னு சொன்னா நானும் 'வணக்கம்மா'ங்கறேன். அந்த நிலைமைக்கு வந்துட்டேன்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒரு துணை பார்த்துக் குடுங்க. ஆனா என் பொண்ணுக்கு மட்டும் தெரியவே கூடாது. அவங்க அம்மா இடத்துல இன்னொருத்தியான்னு ஒடிஞ்சு போயிடுவா. எல்லாம் கூடி வந்தா நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமனாரை இவருக்கு ரொம்பப் பிடிக்கும். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாமனார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "சத்தமா பேசாதவங்களா இருக்கணும் மாப்பிள்ளை. உங்க அம்மாவைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆனா அந்த அம்மா மாடியில 'வாங்க சம்பந்தி'ன்னு கூப்பிட்டா, எனக்குத் தெருமுனையிலேயே காது அடைச்சுக்குது."

உண்மைதான். அப்பா போனதிலிருந்து கண்ணாடிக்காரரின் அம்மாவுக்கு அதே வீட்டின் மாடியில் தனிச் சமையல், தனி ராஜ்யம். அங்கிருந்தே கீழ்வீட்டையும் அக்கம்பக்கத்தையும் குரலாலேயே ஆண்டுகொண்டிருந்தார். மாமனார் மகளைப் பார்க்க வருவதென்றாலும் அந்த அம்மா வெளியே போயிருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் வருவார்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்றே ஒரு கல்யாண வெப்சைட் இருந்தது. அந்தரங்கத்தைக் காப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெயர் கேட்காது, முகம் காட்டாது. மாமனாருக்குப் பதிலாக ஒரு ரோஜாத் தொட்டியின் படத்தைப் போட்டு, 'பொறுமைசாலி, கோபமே வராது, தோட்டக்கலையில் ஆர்வம்' என்று கண்ணாடிக்காரர் எழுதினார். மாமனார் கோபத்தில் ரிமோட்டை வீசி உடைத்த கதையை எழுத அங்கே இடம் இல்லை.

'மென்மையாகப் பேசுபவர், அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவர்' என்று ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு புறா.

அதற்கப்புறம் நடந்ததுதான் கண்ணாடிக்காரரை உறுத்தியது. 'தனியாகச் சாப்பிடும்போது உப்பு குறைந்தால்கூடச் சொல்லிச் சண்டை போட ஆள் இல்லை' என்று அந்தப் புறா எழுதியதைப் படித்த அன்று, ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவர் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டார். கடிதம் மாமனாருக்குத்தான். ஆனால் காத்திருந்தது மாப்பிள்ளை. மனைவியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவே கூச்சமாக இருந்தது. அவளும் இப்போதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். பல் மருத்துவமனையில் காலை வேலை முடிந்து வந்ததும் மாடியேறிப் போய் மாமியாரோடு குசுகுசுவென்று பேசுவாள். இவர் தலையைக் கண்டால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

'சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண்காணிக்கறாங்க' என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அந்த அரசாங்க உத்தரவு. அதுவும் பெரியவர்கள் இருவரும் நேரில் சந்திக்க நாள் குறித்த அதே வாரத்தில்.

பக்கத்துக் கடை செல்போன்காரரிடம் ஓடினார். விஷயத்தைச் சொல்லாமல் விஷயத்தைக் கேட்டார்.

"ரொம்ப சிம்பிள் சார். ஒரு சைட்டை மறைக்கணுமா? நூறு சைட்டுக்குப் போங்க. குப்பையில குண்டூசி மாதிரி காணாமப் போயிடும்."

அன்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மனைவி மாடியில் இருந்த நேரம் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து வேலையை முடித்தார். டிராக்டர், பழைய கப்பல் விற்பனை, சவுரி முடி, ஆட்டுப் பண்ணை. ஆட்டுப் பண்ணையில் 'பெயர், விலாசம், தொடர்புகொள்ள எண்' என்று கேட்டது. ஏதோ ஒரு நினைப்பில் மனைவியுடையதையே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவளுக்குப் போன் வந்தது.

"எத்தனை ஆடு வேணும்னு கேக்கறான்! யாருங்க நம்ம வீட்டுல ஆடு கேட்டது?"

"ராங் நம்பரா இருக்கும்."

"என் பேரையும் வீட்டு அட்ரஸையும் சொல்றான்!"

மாடியிலிருந்து குரல் இறங்கியது. "டேய்! ஆடு கீடு வாங்கி மொட்டை மாடியில கட்டலாம்னு நினைக்காதே! சொல்லிட்டேன்!" எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

செல்போன்காரர் அடுத்த வைத்தியம் சொன்னார். "ஒரு ஆப் இருக்கு சார். நீங்க இங்க உட்கார்ந்திருப்பீங்க, ஆனா வேற நாட்டுல இருக்கற மாதிரி காட்டும். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

வீட்டு மோடத்திலேயே அதைப் போட்டுக் கொடுத்தார். அன்று சாயங்காலம் டிவி வாயைத் திறந்து புரியாத பாஷையில் பேசியது. மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில், வண்டி நிறையச் சாமானோடு வரிசையில் நின்றிருந்த மனைவியின் கார்டு வேலை செய்யவில்லை. அவள் கணக்கு ஒரே நாளில் இரண்டு நாடுகளில் திறக்கப்பட்டதாகச் சொல்லி வங்கி முடக்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் சோப்பிலிருந்து துடைப்பம் வரை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

"எனக்கு மானமே போச்சு! யாரோ நம்ம லைனுக்குள்ள புகுந்திருக்காங்க. நாளைக்கே அந்த இன்டர்நெட் ஆபீசுக்குப் போறேன், ஒரு வழி பண்றேன்!"

நாளைக்கு! மாமனார் முடிக்குச் சாயம் பூசி, புதுச்சட்டை தைத்து வைத்திருக்கும் அந்த நாளைக்கு. சாயங்காலம் வரை எப்படியாவது தாக்குப்பிடித்துவிட்டால் கிழவருக்கு ஒரு வாழ்க்கை அமைந்துவிடும். இல்லாவிட்டால் மகளும் ஒடிந்து, அப்பாவும் ஒடிந்து, நடுவில் மாப்பிள்ளை பொடிப்பொடியாகிவிடுவார்.

எனவே அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகக் கண்ணாடிக்காரர் அங்கே நின்றார். கவுன்டரில் இருந்த அம்மாள் பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க லைன்ல சேர்த்து வச்சிருக்கறதைக் கொஞ்சம் அழிச்சுடணும்."

"அழிக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல சார். அழிக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

"வாங்கி?"

"அதையும் ரெண்டு வருஷம் வச்சிருப்போம்."

கண்ணாடிக்காரர் கவுன்டர்மேல் குனிந்தார். "நாங்க என்ன எழுதினோம், என்ன படிச்சோம்னுகூடத் தெரியுமா?"

"சேச்சே! எந்தக் கடைக்குள்ள போனீங்கன்னுதான் தெரியும். என்ன வாங்கினீங்கன்னு தெரியாது."

கல்யாணக் கடைக்குள் போனவன் கடலை வாங்கப் போனேன் என்றா சொல்ல முடியும்? அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் மனைவி நின்றாள்.

"நீங்க எங்க இங்க?"

"நீ... நீ வேலை முடிஞ்சு மத்தியானம்தானே வர்றதா இருந்தே?"

கவுன்டர் அம்மாள் அவளுடைய எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மலர்ந்தார். "அட, சார் இப்ப அழிக்கச் சொன்னாரே, அதே லைன்!"

"அழிக்கவா? எதை?" என்றாள் மனைவி. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

கவுன்டர் அம்மாள் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஆடு, டிராக்டர், கப்பல்... இதெல்லாம் ஒரே நாள்தான் மேடம். தினமும் போறது ஒரே இடம்தான். கல்யாண சைட்டு. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை."

"காலையிலயா?" என்றாள் மனைவி.

"மத்தியானமா?" என்றார் கணவர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அழுதது மனைவிதான்.

"காலையில... பாத்ரூம்ல... அதான் தண்ணி அவ்வளவு நேரம் ஓடுதா? நான் என்னங்க குறை வச்சேன் உங்களுக்கு?"

இனி மறைக்க முடியாது. "எனக்கில்லம்மா! உங்க அப்பாவுக்கு!"

"அப்பாவுக்கா?"

"டிவியில வர்ற பொண்ணுக்குப் பதில் வணக்கம் சொல்றாரும்மா. அவ்வளவு தனிமை. உன்கிட்ட சொல்ல அவருக்குப் பயம், வெட்கம். இன்னிக்குச் சாயந்திரம் நூலக வாசல்ல முதல் தடவையா ஒரு அம்மாவைச் சந்திக்கப் போறார். அவங்க வெள்ளைக் குடையோட வருவாங்க. தயவு செஞ்சு இதைக் கெடுத்துடாதே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

மனைவி அழுகையை நிறுத்திவிட்டாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைக் குடையா?"

"ஆமா."

"அந்தக் குடையை முந்தாநாள் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. "அப்போ... புறாவோட கடிதமெல்லாம் எழுதினது..."

"நான்தான். ரோஜாத் தொட்டி?"

"நான்தான்."

அவள் முகம் சிவந்தது. "அவ்வளவு அழகா எழுதத் தெரியுமாங்க உங்களுக்கு? நான் தினமும் மத்தியானம் காத்துட்டு இருப்பேன். தப்பு பண்றோமோன்னு நினைச்சு, உங்க முகத்தைப் பார்க்கவே சங்கடமா இருக்கும். அதான் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கண்ணாடிக்காரரின் முகமெல்லாம் பல்லாயிற்று. இத்தனை நாள் அவர் மனசைத் திருடிக்கொண்டிருந்தது சொந்த மனைவிதான்! அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கேட்க மறந்தது ஞாபகம் வந்தது.

"அது சரி, நீ யாருக்காக எழுதினே?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். கண்ணாடிக்காரர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கவுன்டருக்கு மேலாக எட்டி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள், நிஜமான கவலையோடு கேட்டார்:

"ஏன் சார், உங்க அம்மாவும் இவங்க அப்பாவும் இன்னிக்கு ஓகே சொல்லிட்டா, நாளையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா, அண்ணன் தங்கச்சியா?"