அரியணையில் சாமை அடிக்கலாகாது

தமிழ்நாட்டில் வரலாறு என்று ஒன்று இருப்பதே, அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல வாசகர்கள் இருப்பதால்தான். மன்னர்கள் பாவம், போரிட்டுச் செத்ததோடு சரி. 'மெய்சிலிர்த்தது', 'வீட்டுக்கு ஒரு பிரதி வாங்குக' என்று எழுத ஆளில்லாமல் போயிருந்தால் அவர்கள் வாழ்ந்ததற்கு என்ன சாட்சி?

இந்தப் பெரும் பொறுப்பைக் கொல்லிமலையில் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் சென்னியப்பன். கீழேயிருந்து மாற்றலாகி வந்த அரசு எழுத்தர். மலை வாசகர் வட்டத்தின் நிறுவனர், தலைவர், வாட்ஸ்அப் அட்மின். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. 'மழுவேந்தி மன்னனின் மறைந்த அரியணை' என்னும் மாபெரும் நூலின் இரண்டாம் பதிப்பில், பின்னட்டையில், தம் கருத்து தம் பெயரோடு வர வேண்டும்.

நூலாசிரியர் 'வரலாற்றுப் பேரொளி' நந்தகுமார் அருவி பார்க்க மலைக்கு வந்தவர். வழியில், வாழவந்தி நாடு என்னும் மலையூர்ப் பகுதியில் பொன்னம்மாள் என்ற விவசாயியின் சாமைக்காட்டு நடுவே கிடந்த பாறையில் சற்று உட்கார்ந்தார். பாறை சுடவில்லை. சாதாரணக் கல்லென்றால் சுடாதா? அவர் உட்கார்ந்தது மார்கழி மாதத்துக் காலை என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட விஷயம். பாறையில் வழவழவென்று சில குழிகள் வேறு. தலைமுறை தலைமுறையாகச் சாமை குத்தி விழுந்த குழிகள் என்று பார்த்தவுடனே தெரியும். பார்த்தவுடனே தெரிவதை எழுத வரலாற்றாசிரியர் எதற்கு? மன்னன் முழங்கை ஊன்றிய தடம் என்று எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

வாசகர் கருத்துகள் குவிந்தன. "பன்னிரண்டாம் பக்கத்திலேயே அழுதுவிட்டேன், அதற்குமேல் படிக்கவில்லை" என்றார் சேந்தமங்கலத்து ஜவுளிக்கடைக்காரர். "எங்கள் நாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, மற்றபடி நடுநிலையான நூல்" என்றார் ஆலத்தூர் நாட்டு வாசகர். "தாள் நல்ல கெட்டி. தகவலும் கெட்டியாகத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். பள்ளி ஆசிரியை ஜெனிபர் மட்டும், "இது உரல்குழி மாதிரி இருக்கே சார்?" என்று போட்டார். சென்னியப்பன் ஆத்திரப்படவில்லை. கருத்துச் சுதந்திரத்துக்கு மதிப்பளித்து, அவரைக் குழுவிலிருந்து மட்டும் நீக்கினார்.

ஐப்பசியில் நற்செய்தி வந்தது. பேரொளியே நேரில் வந்து, அந்தப் பாறையிலேயே 'வாசகர் கருத்துப் பெருவிழா' காணப்போகிறார். உடனே சென்னியப்பன் நீல நைலான் கயிறும், 'காலணியைக் கழற்றவும்' என்ற பலகையுமாகப் போய், பாறையைச் சுற்றிக் கட்டினார்.

பொன்னம்மாள் ஓடி வந்தாள். அறுவடை முடிந்த நேரம். மலையில் சாமையைப் பாறையில்தான் அடிப்பார்கள். மண்ணில் அடித்தால் கல் கலந்துவிடும்.

"ஏனுங்க சார், சாமைத் தாளு அறுத்துக் காட்டோரமா அடுக்கிக் கெடக்குதுங்க. மழைக்கு முன்ன அடிச்சு ஊட்டுக்குக் கொண்டு போகோணும். இதை உட்டா எங்களுக்கு வேற களம் இல்லீங்க."

"அம்மா, இது களமில்லைங்க. அரியணை."

"எங்க பட்டாவுல பாறைன்னுதானுங்க போட்டிருக்குது."

"பட்டா நேத்து வந்தது. மன்னன் அதுக்கு முந்தி."

"அந்த மன்னரு சாமை திங்க மாட்டாருங்களா?"

"நூல்ல அதைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க."

"தின்னிருந்தா, எந்தப் பாறையில அடிச்சிருப்பாருங்க?"

விடை தெரியாத கேள்விக்கு அரசு அலுவலகத்தில் ஒரே விடைதான் உண்டு. "புதன்கிழமை விழா. அன்னைக்குச் சாயங்காலமே கயித்தை அவுத்துடறேன். அடுத்த வாரம் வாங்க" என்றார் சென்னியப்பன்.

புதன்கிழமை பேரொளி வேறோர் ஊரில் விருது வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த புதன் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கடுத்த வாரம் வேறொரு மலையில் வேறொரு மன்னன் அகப்பட்டுவிட்டான். விழா தள்ளித் தள்ளிப் போனது. கயிறு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்துக் காட்டு அத்தாயியின் பாறையைக் கேட்கலாமென்றால், அங்கே அவள் சாமையே பாதிதான் முடிந்திருந்தது.

"சார், மானம் கறுத்துட்டு வருதுங்க" என்று மறுபடியும் வந்து நின்றாள் பொன்னம்மாள். "வருசம் பூரா சோறுங்க அது. விதையும் அதுலதானுங்க."

சென்னியப்பனும் மனுஷன்தானே, இரக்கமாக இருந்தது. அவளோடு பாறைவரை வந்தார். முடிச்சில் கையும் வைத்துவிட்டார். அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. பேரொளியேதான்.

"பின்னட்டைக்கு உங்க கருத்தைத்தான் போடலாம்னு இருக்கேன் சென்னியப்பன். அரியணை பத்திரமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க ஐயா" என்று சொல்லி, முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார் சென்னியப்பன்.

அன்று பிடித்த மழை விடவே இல்லை. அடுக்கிய தாள் நனைந்து, புழுங்கி, கதிரோடு முளைத்துப் போயிற்று. மழை விட்ட பிறகு பேரொளி வந்தார். கொண்டைஊசி வளைவுகளைச் சபித்தபடியே பாறையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, வந்த காரிலேயே மலையிறங்கிவிட்டார். விதைக்குக்கூட மிஞ்சாததால் பொன்னம்மாள் அடுத்த பட்டத்தில் காட்டில் மரவள்ளிக் குச்சி நட்டாள். கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. அரியணை காண வாசகர்கள் வந்துகொண்டிருந்தார்களே.

இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. பின்னட்டையில் கொட்டை எழுத்தில்: "இந்நூலைப் படித்தபின் நான் எந்தப் பாறையையும் மிதிப்பதில்லை. – சென்னியப்பன், கொல்லிமலை." அதைவிட மேலாக, உள்ளே புதிதாக ஓர் அத்தியாயம். படித்து நெகிழ்ந்த சென்னியப்பன், மண்ணின் மக்களும் நெகிழட்டும் என்று புத்தகத்தோடு பொன்னம்மாள் வீட்டுக்கே போனார். அவள் முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உருக்கமாக வாசித்தார்.

"'இப்பாறையருகே ஒரு காலத்தில் எளிய மக்கள் சாமை விளைவித்து வந்தார்கள். அவ்வழக்கம் இன்று அடியோடு மறைந்துவிட்டது. அந்தோ, யார் கண் பட்டதோ?'"

பொன்னம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. பொறுக்கிய கல்லை வாசலில் எறிந்தாள்.

"யாரு கண்ணும் படலீங்க சார். நீங்கதானுங்க கவுறு கட்டுனீங்க."

சென்னியப்பன் புத்தகத்தை மூடிவிட்டுச் செல்போனை எடுத்து, நிறுத்தி நிதானமாகக் குழுவில் பதிவிட்டார்: "வாசகர் கருத்து: பொன்னம்மாள், விவசாயி, வாழவந்தி நாடு. இந்நூலைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். ஐந்து நட்சத்திரம்."