சில்லான் வளர்ந்த கதை

ஒரு காட்டில், கரடியாரின் கிழங்குத் தோட்டத்தில் கூலிக்குத் தோண்டிப் பிழைத்துவந்தாள் வேலம்மா என்கிற முள்ளம்பன்றி. வெளிக்காட்டுக்கு வேலை தேடிப் போன வீட்டுக்காரன், போனவன்தான். மகன் சில்லான் ஒருத்தனே துணை.

மழை பெய்த வருஷம் கூலியாகக் கிழங்கு நிறையவே கிடைத்தது. பையனும் மளமளவென்று வளர்ந்தான். மறுவருஷம் மழை பொய்த்தது. கரடியார் கூலியைப் பாதியாக்கினார். வேலம்மா வீட்டில் கிழங்கு போய்க் கிழங்குத் தோல் வந்தது. அப்புறம் தோலும் போய், அது வெந்த தண்ணீர் வந்தது. சில்லான் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டான். அக்கம்பக்கத்துக் குட்டிகளும் அப்படித்தான்.

சங்கதி புலிராஜா காதுக்குப் போயிற்று.

"தேக்குமரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே நிற்கிற குட்டிக்கெல்லாம் தினமும் கடலை உருண்டை!" என்று உத்தரவு போட்டார்.

வேலம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு, மகனோடு வரிசையில் நின்றாள். உருண்டை வாசனைக்கே சில்லானுக்கு எச்சில் ஊறியது. ஆனால் அளக்க வந்தவர் நாரை அதிகாரி. ஈட்டி மாதிரி அலகு தலைக்கு மேலே இறங்கியதும் பையன் வெலவெலத்துப் போனான். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது, கோட்டையும் தாண்டி.

"நல்ல வளர்த்தி. அடுத்த ஆள்!" என்றார் நாரை.

"ஐயா, அது முள்ளுங்க. பிள்ளை உள்ளே இருக்கான்."

"உச்சி எங்கே இருக்குன்னு பார்க்கிறதுதாம்மா என் வேலை. உள்ளே யார் இருக்காங்கன்னு பார்க்கிறதில்லை."

"கொஞ்சம் பொறுங்கய்யா, தடவிக் கொடுத்தா படிஞ்சிடும்..."

"அங்கே என்ன சத்தம்?" என்று உறுமியபடி, மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த புலிராஜாவே எழுந்து வந்தார்.

அவ்வளவுதான். முயல்குட்டிகளின் காது விறைத்தது, கீரிக்குட்டிகளின் ரோமம் குத்திட்டது. நாரை அந்தச் சூட்டோடு எல்லாரையும் அளந்து முடித்தார். ஒருவர்கூடக் கோட்டுக்குக் கீழே இல்லை.

"நான் வந்து நின்றதும் காடே வளர்ந்துவிட்டதே!" ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே பாராட்டு விழா நடந்தது. கடலை உருண்டைகளை மந்திரிகளுக்குப் பரிமாறினார்கள்.

வேலம்மா மகனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"அம்மா, நான் வளர்ந்துட்டேனா?"

"ஆமாடா கண்ணு. ராஜாவே சொல்லிட்டார்."

"அப்புறம் ஏம்மா பசிக்குது?"

வேலம்மா மகனின் முள்ளைத் தடவிப் படியவைத்தாள்.

"வளர்ற பிள்ளைக்குப் பசிக்கத்தான்டா செய்யும்."

நீதி: பிள்ளைகள் வளரவில்லை என்றால் பெற்றவர்களின் கூலியைக் கூட்ட வேண்டியதில்லை, அளக்கும்போது பக்கத்தில் நின்று உறுமினால் போதும்.