தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு மோதிரப் பெட்டி

மழை விட்ட மறுநாள் சிட்லபாக்கம் தெருக்களில், முறிந்து விழுந்த கிளைகளை ரம்பம் போட்டு அறுக்கும் வாசனை வரும். பச்சை மரத்தின் ஈர வாசனை, லேசாகப் புளித்தது. மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுப்பார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு முகத்தை மூடிக்கொள்வேன்.

ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மரக்கடைசல் பித்துப் பிடித்தது. (சிலருக்கு அந்த வயதில் முட்டி வலி வரும். எனக்கு இரண்டும் வந்தன.) கார் இல்லாத கார் ஷெட்டில் சின்னக் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டேன். சுழலும் மரத்தில் உளி தொட்டால் நாடா நாடாவாகச் சுருள் பறக்கும். கூடவே நானும் பறப்பேன். தேக்கு ரிட்டயர்டு அதிகாரி, சொன்ன இடத்தில் நிற்கும். பலாவைக் கடைந்தால் பொன்மழை. சட்டை, புருவம், மூக்குமயிர் எல்லாம் மஞ்சள். வேம்பின் தூள் உதட்டில் பட்டால் மறுநாள் பாயசம் வரை கசக்கும். ஈட்டி மட்டும் மகாராணி: கருஊதா வரிகள், இரும்புப் பிடிவாதம், உளி பட்ட இடத்தில் பூ வாசனை.

இப்படியெல்லாம் எழுத வந்ததே தவிர, நான் கடைந்த கிண்ணம் ஒன்றுகூட மேசையில் ஆடாமல் நின்றதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம் கூடி வந்தது. தாய்மாமன் ஆயிற்றே, மோதிரங்கள் வைக்க நானே பெட்டி கடைந்து தருகிறேன் என்று அறிவித்தேன்.

"மாமா, நகைக்கடையில வெல்வெட் பெட்டி சும்மாவே தராங்க" என்றாள் நித்யா. கவிஞன் காதில் அதெல்லாம் விழுமா?

எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் புயலில் சாய்ந்திருந்தது. நடுவில் பனைவெல்ல நிறம், விளிம்பில் வெண்ணெய் நிறம். ஒரு துண்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, அறுத்து வாங்கக் கோவிலம்பாக்கம் மரவாடிக்குப் போனேன். கடைக்காரர் முனுசாமி அதை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இன்னா சார், தண்ணி சொட்டுது. ஆறு மாசம் நெழல்ல போட்டு வையி. இப்பவே கடைஞ்சீன்னா, இன்னிக்கு வட்டமா கீறது நாளிக்கு முட்டையா பூடும்."

எனக்கு இருந்தது ஒன்பது நாள். ஈரம் இருந்தால்தான் மரத்தில் உயிர் இருக்கும் என்றேன்.

"உயிரு கீது சார். அதான் பேஜாரே."

பெட்டி தூங்குமூஞ்சியில்; மூடி, பழைய கட்டில் கால் ஒன்றிலிருந்து எடுத்த ஈட்டியில். மூடியின் அடியில் சின்னக் கழுத்து. அது பெட்டியின் வாய்க்குள் 'ப்ளக்' என்று இறங்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடினேன். (மனைவி அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தாள்.) வியாழக்கிழமை இரண்டு மோதிரங்களையும் உள்ளே வைத்து மூடி, பக்தியோடு பூஜை அலமாரியில், விளக்கின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு மாலை, சேலையூரில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளை கார்த்திக்குக் கப்பலில் வேலை. அன்றே விமானம் ஏறினால் எட்டு மாதம் கடல்தான். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மோதிரம் மாற்றியாக வேண்டும். நாலு மணிக்கு ஐயர் மோதிரத்தைக் கேட்டார். நான் எழுந்து, ஈட்டியின் உறுதியும் தூங்குமூஞ்சியின் மென்மையும் இல்லறத்தில் இணைவது பற்றி ஐந்து நிமிடம் உரையாற்றிவிட்டு மூடியை இழுத்தேன்.

வரவில்லை. காய்ந்து சுருங்கி முட்டையாகியிருந்த பெட்டி, மூடியின் கழுத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. நான் இழுத்தேன். கார்த்திக் இழுத்தான். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மேடையில் எதிரெதிராகச் சாய்ந்தோம். போட்டோகிராபர் ஒன்றையும் விடவில்லை. யாரோ சுத்தியல் கேட்டார்கள். "நிச்சயத்தன்னிக்கு மோதிரப் பெட்டிய உடைப்பியாடா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள். நித்யாவின் மை கலங்கத் தொடங்கியது. கார்த்திக்கின் அப்பா, அதிகம் பேசாதவர், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு ஓடி முனுசாமிக்குப் போன் போட்டேன். சிரித்து முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது.

"ஈரம் குட்தா வாயத் தொறக்கும் சார். ஆவில காட்டு."

சமையற்கட்டில் இரவு டிபனுக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. சமையல்காரர் ஒரு தட்டைக் காலி செய்து, நடுவில் பெட்டியை வைத்துக் கொப்பரையை மூடினார். எத்தனை நிமிஷம் வேகணும் என்று அவர் கேட்க, இட்லிக்கு எவ்வளவோ அவ்வளவு என்றேன். பட்டுப்புடவைகளும் வேட்டிகளும் ஐயரும் கொப்பரையைச் சுற்றி நின்றார்கள். கொப்பரையைத் திறந்ததும் சமையல்காரர் பழக்கதோஷத்தில் விரலைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியைத் தொட்டு, "வெந்துடுச்சு" என்றார்.

கார்த்திக் துண்டால் பிடித்துத் திருகினான். 'ப்ளக்.'

மணி நாலு இருபத்தெட்டு. ஆற வைக்க நேரமில்லை. ஆவி பறக்க நித்யா மோதிரத்தை அவன் விரலில் போட்டாள். அவர்கள் வீட்டில் பெரிதாக்கி மாட்டியிருக்கும் அந்தப் படத்தில், பச்சை மிளகாயைக் கடித்தவன்போல் நிற்கிறான் கார்த்திக்.

இப்போது அவர்களுக்கு இரண்டு வயதில் மகள். எங்கள் குடும்பத்தில் ஊறுகாய் ஜாடியோ, பீரோவோ, எது திறக்காவிட்டாலும், "ஒரு ஈடு வச்சு எடு" என்கிறார்கள். ஆனால் இந்தக் கேலிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர், அதிகம் பேசாத அந்தச் சம்பந்திதான். அன்று காரில் ஏறப் போனவர், திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார்.

"கல்யாணத்துக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். ஆசீர்வாதம் மட்டும் கொண்டாங்க. மூடி போடாம கொண்டாங்க."