கேட்டுக்குள்ளே விடக்கூடாத சாம்பார்த்தூள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு எவனாவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குப் பிடிக்காது. மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டில் புளிசாதம் கிளறி, தொழிற்சாலை வாசலில் கூவி விற்று ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு ஹொசக்கோட்டை ரோட்டில் எங்கள் சமையல்கூடத்துக்கு வந்து பாருங்கள். ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு அண்டாக்கள் (யாரும் குளித்ததில்லை, காலம் இருக்கிற இருப்பில் இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது), காலேஜ் ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் பறக்கிற வேன்கள். ஆரம்பத்தில் போட்ட சமையல் கொட்டகை மழையில் விழுந்த அன்றைக்கும் மதியச் சாப்பாடு மதியமே போனது. கை கொடுக்க ஒருத்தனும் வரவில்லை. சிரிக்க மட்டும் தெரு முழுக்க வந்தது.

சமைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சரக்கு யாரிடம் வாங்குவது என்று தெரிந்தவன்தான் கேட்டரிங்கில் நிற்பான். உருளைக்கிழங்கு மூட்டையில் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டேன், முழங்கை வரைக்கும் கையை விடுவேன். புது வியாபாரி குடோனுக்குக் கூப்பிட்டால், முதலில் அவன் ஆட்கள் போகிற கக்கூஸைக் காட்டச் சொல்வேன். அது நாறினால் பருப்பைப் பார்க்காமலே திரும்பிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே என் பெட்டி விதி ஒன்று உண்டு. அண்டாவிலிருந்து இறக்கிய உடனே எந்தச் சாம்பாரும் ருசியாகத்தான் இருக்கும். நம்முடைய சாம்பாரோ சூடு ஆறாத பெட்டிக்குள் மூடிக்கிடந்து, கே.ஆர்.புரம் டிராஃபிக்கில் குலுங்கி, மாடி மாடியாக ஏறி, அதற்குப் பிறகுதான் ஒருத்தர் வாய்க்குப் போகிறது. ஆகவே எவன் சாம்பிள் கொடுத்தாலும் சமைத்து, பெட்டியில் அடைத்து, வேனில் ஏற்றி ஒரு சுற்று அனுப்பிவிட்டுத்தான் நாக்கில் வைப்பேன். யார் சரக்கு என்று தெரியாமல் இருக்க, பெயரைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிவிட வேண்டும். இதை எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் மருமகள் ஷாலினி காலேஜில் உணவு சம்பந்தமாக என்னமோ பெரிய படிப்புப் படித்தவள். என் மகன் பிரபு அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். போன வருஷம் ஒரு நாள் இரண்டு பேரும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாமா, ஆஸ்பத்திரியில கடைசி மாடி பேஷன்ட்டுங்க சாம்பார் கசக்குதுன்றாங்க. சாம்பார்த்தூளை வெளியில வாங்கிப் பாக்கலாமா?"

வெளியில்! என் வீட்டுக்குப் பின்னால் நானே வைத்த மில்லில், நானே வறுத்துக்கொடுத்து அரைக்கிற தூள் அது. ஊரில் அதற்கு மர்பி டவுன் தூள் என்றே பெயர்.

"காய்ச்சல்காரனுக்குத் தேனே கசக்கும்மா," என்றேன்.

"கூட இருக்கற சொந்தக்காரங்களும் அதேதான் சொல்றாங்க மாமா."

"அப்ப வச்சுப் பாத்துடலாம். என் பெட்டி விதிப்படி, அந்த ஆஸ்பத்திரியிலேயே. எவன் தூளா இருந்தாலும் வரட்டும். என் தூள் தோத்துச்சுன்னா அன்னிக்கே மில்லுக்குப் பூட்டு. சாவிய உன் கையில குடுத்துடறேன்."

"மாமா, அப்படி எல்லாம் பந்தயம் வேணாம்."

"ஏன், பயமா?"

பிரபு மட்டும் மெதுவாக, "நைனா, நீ உன் தூளைப் பெட்டியில வச்சு எப்பனா பாத்திருக்கியா?" என்று கேட்டான். அவனை முறைத்தேன். ஊரான் சரக்குக்குத்தான் பெட்டி. என் சரக்குக்கு எதற்கு?

அந்த நாள் வந்தது. மூன்று தூளில் மூன்று சாம்பார். பருப்பு, புளி, காய் எல்லாம் ஒன்றே. ஒன்று என்னுடையது, ஒன்று அத்திபெலேயிலிருந்து நாகராஜ் என்பவன் அனுப்பியது, இன்னொன்று ஏதோ பெரிய பாக்கெட் கம்பெனியுடையது. மூன்றும் பெட்டிக்குள் அடைபட்டு, வேனில் ஆஸ்பத்திரிக்கு வந்து, மதியம் கிண்ணங்களில் இறங்கின. நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போயிருந்தேன். (சட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு விஷயத்தைப் பார்க்கிற டயட்டீஷியன் மேடம் ஸ்பூனோடு காத்திருந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷி. அவர் சாப்பிடட்டும் என்று விட்டிருக்கலாம். நான் குறுக்கே புகுந்தேன்.

"மேடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் என் தூளை நான் கண்டுபிடிச்சிடுவேன். நோடி, பாருங்க!"

ஒன்றாம் நம்பர் கிண்ணம். ஒரு வாய் வைத்தேன். வேப்பங்கொழுந்தைக் கருக்கிக் கரைத்துவிட்ட மாதிரி நாக்கெல்லாம் கசப்பு. கைக்குட்டையை எடுத்து அதிலேயே துப்பினேன்.

"இதை மனுஷன் தின்பானா? வெந்தயத்தைத் தீய வறுத்து அப்படியே கொட்டியிருக்கான். இதை அரைச்சவன் ஜென்மத்துல வீட்டுச் சாம்பார் சாப்பிட்டிருக்க மாட்டான்!"

"மாமா, இன்னொரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்களேன்," என்றாள் ஷாலினி. முகம் வெளுத்திருந்தது. அவள் கொண்டுவந்த தூள் மாட்டிக்கொண்டது, அதனால்தான் வெளுக்கிறாள் என்று நினைத்தேன். குஷி தலைக்கேறியது.

"எதுக்கும்மா? மேடம், இதை அனுப்பினவன் எவனா இருந்தாலும் உங்க ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள விடாதீங்க. செக்யூரிட்டிகிட்ட இப்பவே சொல்லிவைங்க."

"ஹௌதா, அப்படியா? ஸ்வல்பம் கசக்குதுதான்..." என்று மேடம் இழுத்தார்.

"ஸ்வல்பமா? விஷம் மேடம்!"

இரண்டாவது கிண்ணத்தில் உப்பும் காரமும் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாவதை வாயில் வைத்ததும் என் கண்ணே கலங்கிவிட்டது. அப்படியே என் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம், என் தட்டு, என் சாதம்.

"இதோ! இதான் என் கை! இத்தனை நேரம் பெட்டியில கிடந்தும் வாசனை போகல பாருங்க. தொழில்னா இது!"

"உறுதியா மாமா?" என்றாள் ஷாலினி.

"பெத்த புள்ளய அடையாளம் தெரியாதா எனக்கு?"

அவள் என்னைத் தடுப்பதற்குள் கிண்ணத்தைத் தூக்கி, மேடத்துக்கு என் பெயரைக் காட்ட அடியைத் திருப்பினேன். மிச்சமிருந்த சாம்பார் மொத்தமும் சட்டையில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அத்... தி... பெ... லே.

"நம்பரை மாத்திட்டாங்க!" என்று கத்தினேன்.

"நைனா, பேரை ஒட்டினதே நான்தான்," என்றான் பிரபு. "ஒண்ணாம் நம்பர் நம்மளுது."

நான் விடவில்லை. நான் வெளியே போய் நின்று, புதுக் கிண்ணங்களில் ஊற்றி, இடம் மாற்றி வைக்கச் சொல்லி, மறுபடி நாக்கில் வைத்தேன். மறுபடியும் அத்திபெலே தூளைத்தான் என்னுடையது என்றேன், என் தூளைத்தான் துப்பினேன். கைக்குட்டை நனைந்து போயிருந்ததால் இந்த முறை மேடம் ஒரு டிஷ்யூ கொடுத்தார்.

வேனில் திரும்பும்போது டிரைவர் ரேடியோவைப் போட்டான், நான் பார்த்த பார்வையில் அணைத்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி ஜெயாவிடம் கொட்டினேன்.

"அத்திபெலேகாரன் நம்ம வீட்டுச் சாம்பார் மாதிரியே அரைக்கறான்டி! என் பக்குவத்தை எவனோ திருடிக் குடுத்துட்டான்!"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை.

"உன் பக்குவமா? உன் தூளை நான் என்னிக்குயா வீட்டுல போட்டேன்?"

"இன்னாடி சொல்ற?"

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ போட்டேன். ராத்திரி மிச்சச் சாம்பாரைச் சுட வச்சா கசந்து போச்சு. வெந்தயத்தைக் கொறைன்னு சொன்னேன், தொழில் உனக்குத் தெரியுமான்னு கேட்ட. அன்னிலேர்ந்து நானே தனியா வறுத்து அரைச்சுக்கறேன். நீயும் தின்னுட்டு, என் தூள் என் தூள்னு மார் தட்டிக்கினு இருந்த. சரி, சந்தோஷமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலமும் நான் பெருமைப்பட்ட ருசி இவளுடையது. நான் ஊருக்கு ஊற்றியது அந்த ஒன்றாம் நம்பர் கிண்ணம்.

வாக்கு வாக்குதான். சாவியைக் கொடுத்தேன். "வெந்தயத்தைக் குறைச்சு மில்லை ஓட்டலாம் மாமா," என்று ஷாலினி சொல்லத்தான் செய்தாள். என்னிடம் ரோஷம் மட்டும் குறையாமல் இருந்தது. பூட்டு என்றால் பூட்டுதான் என்றுவிட்டேன். இப்போது அங்கே அவள் ஸ்கூட்டி நிற்கிறது. மழை வந்தால் மல்லி வறுத்த வாசனை இன்னும் எழும்பும். யாரிடமும் சொல்வதில்லை.

அன்றிலிருந்து நான் காலை நடை முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளேயிருந்து பிரபு குரல் கொடுப்பான்: "செக்யூரிட்டி! ஒண்ணாம் நம்பர் வந்திருக்காரு. கேட்டுக்குள்ள விடலாமா?" ஜெயா யோசித்து, "இன்னிக்கு விடு," என்பாள். சம்பந்தி வீட்டு விசேஷத்தில் இலையில் சாம்பார் ஊற்றினால் பந்தியே என் முகத்தைப் பார்க்கிறது, துப்புவேனா விழுங்குவேனா என்று.

சிரிக்கட்டும். அதற்கு நான் அழவில்லை. என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. இப்போது பெரிய பெரிய கம்பெனிக்காரர்களைக் கூட்டிவைத்து ஷாலினி பேசுகிறாள். சரக்கைப் பெட்டியில் அடைத்து, வேனில் ஒரு சுற்று அனுப்பி, பெயரை மறைத்து ருசி பார்ப்பது எப்படி என்று திரையில் படம் போட்டு விளக்குகிறாள். கைதட்டுகிறார்கள். திரையின் மேலே எங்கள் கம்பெனியின் முறை என்று இருக்கிறது. கம்பெனிக்கா நாக்கு இருக்கிறது? கேட்டால், "உங்களைச் சொல்லணும்னா அந்தக் கதையையும் சொல்லணுமே மாமா," என்று நெளிகிறாள்.

சொல்லேன் அம்மா. முழுசாகச் சொல். பெட்டி என்னுடையது, விதி என்னுடையது. அத்திபெலே தூளை இரண்டு முறையும் சரியாகப் பொறுக்கியது என் நாக்கு. சொந்தத் தூள் என்றும் பார்க்காமல் இரண்டு முறையும் துப்பியது அதே நாக்குதான். அந்தத் திரையில் என் பெயர் வரவேண்டும், பெரிய எழுத்தில். தூளுக்குத்தான் கேட்டை மூடச் சொன்னேன். எனக்கு இல்லை.