மேசைக்குக் கீழே கேர்னல்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வகைக் கணினிகள்தான் இருந்தன: கேர்னல் கெடுத்தவை, கேர்னல் கெடுக்கப்போகிறவை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தவர். அரச திணைக்களம் ஒன்றில் படவரைஞராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மற்றவர்கள் விடிய எழும்பிக் கடற்கரையில் நடப்பார்கள். இவர் லினக்ஸைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு பழைய கணினியானாலும், உள்ளே இருப்பதை அழித்துவிட்டு இந்த இலவச இயங்குதளத்தைப் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்பது அவர் கட்சி. லினக்ஸின் நடுமையத்துக்குக் கேர்னல் என்று பெயராம். வாயைத் திறந்தால் "கேர்னல் பழசு", "கேர்னலை மாத்தவேணும்" என்பார். பெயர் அவரிலேயே ஒட்டிவிட்டது.

வாசலில் நின்ற சிங்களக் காவலாளி அவரை ஓய்வுபெற்ற இராணுவக் கேர்னல் என்றே நம்பினார். "கேர்னல் மஹத்தயா" என்று சல்யூட் அடித்து லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம்மவரும் மறுக்காமல் தலையை ஆட்டிவிட்டு ஏறுவார். பயம் என் மனைவிக்குத்தான்.

"றோட்டில வச்சு அவரை அப்பிடிக் கூப்பிடாதேங்கோ. யாழ்ப்பாணத்து ஆளைக் கேர்னல் எண்டா, எந்தப் பக்கத்துக் கேர்னல் எண்டு பொலிஸ்காரன் கேப்பான்."

சந்தியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்த பாரூக் நானாதான் கேர்னலின் முதல் பலி. கடைக் கணினியில் லினக்ஸ் ஏறிய அன்று நானா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கிலீஷ் வருது சேர், சிங்களம் வருது. தமிழ அடிச்சா மட்டும் கட்டங் கட்டமா வருது."

எழுத்துருவைத் தேடிப் போட கேர்னலுக்கு இரண்டு கிழமை பிடித்தது. அதுவரை தமிழில் விண்ணப்பம் அடிக்க வந்தவர்கள் பெரிதாக முறையிடவில்லை. அரச அலுவலகங்களில் தமிழ் கிடைக்காமல் பழகியவர்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவரிடம் மாட்டிக்கொண்டது மகளால். அவள் டொரன்டோவில். முதல் குழந்தை பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. மனைவிக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து சில கிழமைதான். போனின் சின்னத் திரையில் பார்த்தால் குழந்தைக்கும் தலையணைக்கும் வித்தியாசம் தெரியாது. பின்னறையில் இருந்த பழைய கணினிதான் கதி. அதுவோ காலையில் போட்டால், தேத்தண்ணி குடித்துப் பேப்பரும் வாசித்து முடித்த பிறகுதான் கண் திறக்கும். இந்தக் கவலையை லிப்டில் மனைவிக்குச் சொன்னேன். பின்னால் கேர்னல் நிற்பதை நான் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வந்துவிட்டார். கையில் டோர்ச், கொப்பி, டிவிடி. பழைய படங்களை எல்லாம் முதலில் பிரதி எடுக்க வைத்தார். அதில் ஒழுங்கான மனிதர். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தினார். அவருக்குக் காசு வேண்டாம், சாப்பாடு வேண்டாம். கேட்க ஓர் ஆள் வேண்டும்.

"ஐசே, கொம்பியூட்டர் ஒண்டையும் ஒளிக்காது. ஸ்கிரீன்ல எல்லாத்தையும் எழுதும். சனம்தான் வாசிக்கிறேல்ல."

லினக்ஸை ஏற்றி முடித்துத் திருப்பிப் போட்டால், திரை கறுப்பு. வாசிக்க ஒன்றுமே இல்லை. மத்தியானம்வரை போராடி, தொடங்கும் வரியில் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்துத் திரையை வரவைத்தார். அடுத்தது வைபை இல்லை.

"வைபைக்கு ஒரு ட்ரைவர் வேணும். இன்டர்நெட்டில இருந்து இறக்கலாம்."

"இன்டர்நெட்டுக்கு என்ன வேணும், அண்ணை?"

"வைபை."

மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஐடென்டிடி காட் எடுக்க பேர்த் சேட்டிபிகேட் கேட்டாங்கள். அதை எடுக்கப் போனா ஐடென்டிடி காட் கேட்டாங்கள். இதையும் அவங்களே செய்தவங்கள்?"

கேர்னல் மேலே போய் நீளமான கேபிள் ஒன்றோடு வந்தார். அது ஹோலில் இருந்த ரவுட்டரில் தொடங்கி, குசினிக்குள்ளால் பின்னறைக்குப் போனது. இரண்டு நாளாக மனைவி சோற்றுப் பானையோடு அதைத் தாண்டித் தாண்டியே நடந்தாள்.

கேபிள் வந்தும் பக்கங்கள் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்றது. கேர்னலின் முகம் மாறியது. வெள்ளி முழுவதும் ஆரோ உள்ளே புகுந்துவிட்டான் என்றார். சனி காலை ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒருவரை எழுப்பிக் கதைத்தார். மத்தியானம் பெட்டியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக் குரலில் சொன்னார்:

"மதர்போர்ட் போகுது, ஐசே. நாளைக்கு ஏலாது."

மனைவி வந்து, மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணை, இதில ஜனவரி முதலாந் திகதி எண்டு கிடக்கு. அதுவும் எங்கட பிள்ளை பள்ளிக்கூடம் போன காலத்து ஜனவரி."

உள்ளே இருந்த பொத்தான் பற்றரி செத்து, கணினியின் மணிக்கூடு பல வருடம் பின்னுக்குப் போய்விட்டது. இணையப் பக்கங்கள் காட்டிய, தன்னுடைய கணக்கில் இன்னும் பிறக்காத பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கண்டு அது எல்லாவற்றையும் சந்தேகித்திருக்கிறது. திரையில் எழுதியிருப்பதைச் சனம் வாசிப்பதில்லை என்று மூன்று நாள் வகுப்பெடுத்த மனிதர், மூலையில் இருந்த திகதியை வாசிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது கண்ணில் சத்திரசிகிச்சை செய்த ஒருத்தி. நான் இதை அவருக்கு விளக்கமாகவும் மெதுவாகவும் இரண்டு தரம் சொன்னேன். அவர் மணிக்கூட்டுக் கடைக்குப் போய்ப் பற்றரி வாங்கி வந்து போட்டார்.

ஞாயிறு பின்னேரம் படம் வந்தது. மகள், மருமகன், பட்டுத் துணிக்குள் குழந்தை. எல்லோருடைய வாயும் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. கேர்னல் மேசைக்குக் கீழே புகுந்தார்; காலிரண்டும் பின்னால் நீட்டிக்கொண்டு, திரைக்கு மேலிருந்த கமராவில் விழுந்தன. ஏதோ உரசியது. சட்டென்று குழந்தை வீரிட்டு அழும் சத்தம் அறை முழுவதும் நிறைந்தது. மனைவியும் அழத் தொடங்கினாள்.

"அம்மா, மேசைக்குக் கீழ ஆரோட கால் அது?" என்றாள் மகள்.

"அது எங்கட கேர்னல்."

"வெளியில வாங்கோ அண்ணை, பிள்ளையப் பாருங்கோ" என்று நான் குனிந்து சொன்னேன்.

"ஏலாது, ஐசே. வயர் பிடிக்கிற இடம் தேஞ்சு போச்சு. கையை விட்டா சத்தம் போயிடும். நீங்கள் கதையுங்கோ."

முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். பெயர் வைத்தார்கள், தாலாட்டினார்கள், மனைவி கண் பட்டுவிடும் என்று திரையைச் சுற்றிக் கையால் நாவூறு கழித்தாள். மனிதர் அந்த வயரைப் பிடித்தபடி கீழேயே இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு கால் விறைத்து, சுவரைப் பிடித்துத்தான் நிமிர்ந்தார். குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"நல்ல குரல்" என்றார்.

இப்போது அவர் நுகேகொடையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போன கிழமை, ஐந்தாம் மாடியில் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர் லிப்டில் என்னோடு கதை கொடுத்தார்.

"எங்களுக்கு முந்தி இருந்தவர் சரியான விசரனாமே, கொம்பியூட்டர்ப் பைத்தியமாம்?"

நான் என்னுடைய மாடிக்கு இரண்டு மாடி இருக்கும்போதே இறங்கி, மிச்சத்தை நடந்து ஏறினேன்.