சட்ட உதவிக்கு உள்குத்தகை

உலகத்தில் ஏழைகளுக்கு நீதி வாங்கித் தர எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட சிவகாசிப் பக்கம் வந்து தொழில் பழகவில்லை. பழகியிருந்தால் காரியம் என்றோ முடிந்திருக்கும். ஒரு வேலையைக் கொடுத்தால் அதை எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். நீதி மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தது?

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையைக் குத்தகைக்கு விடுவார். எடுத்தவர் ஷெட் ஷெட்டாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவார். உள்குத்தகைக்காரர் ஒரு போர்மேனைப் போட்டுவிட்டு வேறு ஜோலி பார்க்கப் போவார். சட்டப்படி இதெல்லாம் கூடாது. அதனால்தான் யாரும் சட்டத்திடம் சொல்வதில்லை. ஷெட் வெடித்துவிட்டால் சட்டம் மேலேயிருந்து விசாரித்துக்கொண்டே கீழே இறங்கும். போர்மேன் வரைக்கும் வந்ததும் அதற்கு மூச்சு வாங்கும். அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இந்த நுட்பங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர் சீனிவாசகம். எனக்குத் தூரத்துத் தம்பி முறை. பட்டாசு ஆலை வைத்திருக்கிறார், சட்டக் கல்லூரியும் வைத்திருக்கிறார். இரண்டிலும் சீசன் உண்டு. வைப்பாற்றங்கரை சட்டக் கல்லூரியில் என் பேத்தி பிரீத்திகா கடைசி வருஷம் படிக்கிறாள். "பெரிய கம்பெனிக்கு வக்கீலா போ" என்று அவள் அம்மா சொன்னால், "இல்லம்மா, நான் ஏழைகளுக்காக வாதாடப் போறேன்" என்பாள். பிள்ளைக்கு நல்ல மனசு. வேறு வியாதி ஒன்றும் கிடையாது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் பெருகிவிட்டதால் தாளாளர் சீனிவாசகம் கல்லூரியில் 'பொதுநலச் சட்டப்பணி மற்றும் வாழ்க்கைத்தொழில் வழிகாட்டு மையம்' தொடங்கினார். இயக்குநர் பேராசிரியர் நவநீதகிருஷ்ணன். பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் சின்ன வழக்காக இருந்தால் தீர்ப்பே வந்துவிடும். மையத்தின் முதல் வேலையாக தாயில்பட்டியில் ஒரு 'மாபெரும் இலவச சட்ட உதவி முகாம்' நடந்தது. கல்யாண மண்டபம், ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, எல்லாருக்கும் தக்காளி சாதப் பொட்டலம். ஆலை வேனிலேயே ஆள் ஏற்றி வந்தார்கள். அப்படியும் 'பயனாளிகள்' என்று எழுதிய வரிசையில் நாற்காலி காலியாக இருந்தது. பேத்தியைப் பார்க்கப் போன என்னை அதில் உட்காரவைத்து ஒரு பேட்ஜும் குத்திவிட்டார்கள். எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "அதனாலென்ன, வரும்" என்று நவநீதகிருஷ்ணன் ஆறுதல் சொன்னார்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் உண்மையாகவே வழக்குள்ள ஒருத்தி இருந்தாள். தங்கத்தாய். அவள் புருஷன் செல்லச்சாமி போர்மேன். முந்தின வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஷெட் வெடித்துவிட்டது. எல்லாரும் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் செல்லச்சாமியைப் பிடித்து விருதுநகர் ஜெயிலில் வைத்துவிட்டார்கள். உள்குத்தகைக்காரர் தலைமறைவு. லைசென்ஸ்தாரருக்கு வெடிச்சத்தம் கேட்ட உடனே நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, முன்ஜாமீன் கிடைத்த உடனே குணமாகி, நேரே முகாமுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றினார். ஆமாம், நம் சீனிவாசகம்தான். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஷெட்டும் அவருடையது, மண்டபச் செலவும் அவருடையது.

கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். தங்கத்தாய் எழுந்தாள்.

"சார், எங்க வீட்டுக்காரரை எப்ப விடுவாக?"

"அருமையான கேள்வி. இது ரெண்டாவது அமர்வுல வருது" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"ரெண்டாவது அமர்வு எப்ப?"

"நிதி வந்ததும்."

"அவரு இல்லாம வீட்டுல அடுப்பு எரியல சார். பிள்ளைக ரெண்டும் அப்பா எங்கன்னு கேக்குதுக. அதுக்கு எந்த அமர்வுல பதில் சொல்ல?"

மண்டபம் கைதட்டியது. ஆலை வேனில் வந்தவர்களுக்கு, யார் மைக்கில் பேசினாலும் தட்டவேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள்.

மேடையில் ஒரு நிமிஷம் குசுகுசு. பிறகு நவநீதகிருஷ்ணன், உதவி கேட்டு அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை இரண்டு கையாலும் வாங்கினார். போட்டோ. அதை மையத்தின் கௌரவ ஆலோசகர், மூத்த வக்கீல் கண்ணுச்சாமியிடம் ஒப்படைத்தார். போட்டோ. கண்ணுச்சாமிக்கு நிற்க நேரமில்லை, ஜூனியர் அன்பரசனிடம் கொடுத்தார். போட்டோ. அன்பரசன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "நீதாம்மா வருங்காலப் பொதுநல வக்கீல்" என்று என் பேத்தி கையில் திணித்தார். அதற்கும் ஒரு போட்டோ.

"எம்புட்டு போட்டோ எடுத்தீக!" என்றாள் தங்கத்தாய். "ஜெயில்லகூட அவருக்கு ஒண்ணுதான எடுத்தாக."

எனக்குப் புல்லரித்தது. ஒரே மனு, கண்ணெதிரே எத்தனை கை மாறிவிட்டது! லைசென்ஸ் கல்லூரிப் பெயரில், குத்தகை கண்ணுச்சாமிக்கு, உள்குத்தகை அன்பரசனுக்கு. வேலை மட்டும் பிரீத்திகாவுக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மண்வாசனை.

பிரீத்திகா அன்றைக்கே ஜாமீன் மனு எழுத உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல என் போனில் நான்தான் தட்டினேன். அவள் போன் முகாம் போட்டோக்களால் நிரம்பி நின்றுவிட்டது.

"ஆச்சி, எளுதுங்க. 'மனுதாரர் வாரக்கூலி வாங்குபவர். ஷெட் அவருடையது அல்ல. லைசென்ஸ் திரு. சீனிவாசகம் பெயரில் உள்ளது.'"

"ஏத்தா, உங்க காலேஜ் மொதலாளி பேராச்சே?"

"நெசத்தத்தான எளுதுதோம்?"

நெசத்தை எழுதி அன்பரசனுக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, லைசென்ஸ்தாரர் பேரை எதுக்கு எழுதின? அவர் பேர்தான் காலேஜ் வாசல்லயே அம்புட்டுப் பெரிசா இருக்குல்ல? மனுவுல வேற எதுக்கு?"

"அப்ப ஷெட் யாருதுன்னு ஜட்ஜுக்கு எப்படி சார் தெரியும்?"

"ஷெட் யாருதுன்னு ஜட்ஜு கேட்டாரா? நீயா ஏன் சொல்லுத? இன்னொன்னு, 'வெடித்தது'ன்னு எழுதாத. 'வெடித்ததாகக் கூறப்படுகிறது'."

"கூரை பறந்து வெம்பக்கோட்டை ரோட்டுல கிடந்துச்சு சார்."

"பறந்ததாகக் கூறப்படுகிறது."

அன்பரசன் சீனிவாசகம் பெயரை அடித்தார். கண்ணுச்சாமி குத்தகை என்ற சொல்லை அடித்தார். நவநீதகிருஷ்ணன் 'வாரக்கூலி'யை அடித்துவிட்டு 'ஆலைக் குடும்பத்தின் மூத்த உறுப்பினர்' என்று சேர்த்தார். கடைசியில் மனு எங்களிடம் திரும்பி வந்தபோது அதன் சாரம் இதுதான்: அன்று வெயில் கடுமையாக இருந்தது, ஷெட் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது, பக்கத்தில் நின்றதற்காக மனுதாரர் வருந்துகிறார்.

சரி, இதையாவது கோர்ட்டில் போடுங்கள் என்று தங்கத்தாய் கண்ணுச்சாமி ஆபீசுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் சுவரில் தொங்கிய தேதி காலண்டரைப் பார்த்தார். மையம் வெளியிட்ட 'சட்ட விழிப்புணர்வு நாட்காட்டி' அது. மேலே சீனிவாசகம் சிரிக்கிறார், நடுவில் அடிப்படை உரிமைகள், கீழே ராகுகாலம்.

"இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அதுக்கு மேல எனக்கு ஒரு கருத்தரங்கு இருக்கு."

"எதைப் பத்தி?" என்று கேட்டேன்.

"'ஜாமீன் தாமதங்கள்'. நீங்களும் வாங்க ஆச்சி, சாப்பாடு உண்டு."

தங்கத்தாய் மேஜை மேலிருந்த மனுவை எடுத்து மடித்தாள். "ஐயா, அஷ்டமியிலதான் அவரைப் பிடிச்சிட்டுப் போனாக. போலீஸ்காரக நாள் பாக்கல. நீங்க பாக்கீக. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போதுதான் அழுதாள். "ஆச்சி, இந்த மனுவைப் போட்டா, அவரே கொளுத்தினாருன்னுல்ல நெனைப்பாக?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூத்த வக்கீலின் கைபட்ட மனுவைக் குறை சொல்ல நான் யார்? வெறுமனே அதை வாங்கி நாலாய்க் கிழித்தேன்.

மறுநாள் பிரீத்திகா வகுப்புக்குப் போகவில்லை. எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றினாள். "கோர்ட்டுக்குள்ளயே இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்கு ஆச்சி. பாடத்துல வந்துச்சு. பரீட்சைக்கு எளுதிட்டு மறந்துட்டேன்" என்றாள். கல்வியின் பயன் என்றால் இதுதான்.

அந்த ஆபீசின் நிலைமை கண்ணீரை வரவழைக்கும். ஃபிளெக்ஸ் இல்லை. குத்துவிளக்கு இல்லை. ஹஸ்னா என்ற சின்னப் பெண், விருதுநகர் பாத்திரக்கடைக்காரர் மகள், கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்தாள்.

"யாருக்கு ஜாமீன்? எந்த ஸ்டேஷன்? அவரு கூலியா, குத்தகைக்காரரா?"

"கூலிம்மா. வாரக்கூலி."

"லைசென்ஸ் யாரு பேர்ல?"

தங்கத்தாய் என்னைப் பார்த்தாள். நான் பிரீத்திகாவைப் பார்த்தேன். பிரீத்திகா சத்தமாக, "எங்க தாளாளர் சீனிவாசகம் பேர்ல" என்றாள். ஹஸ்னா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அடிக்கவில்லை. 'கூறப்படுகிறது' போடவில்லை. இதெல்லாம் அனுபவக் குறைவு.

தங்கத்தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் காதருகே, "ஆச்சி, போட்டோவே எடுக்கலையே. நெசமான வக்கீல்தானா?" என்றாள்.

"ஆதார் ஜெராக்ஸ் இருந்தாப் போதும்க்கா" என்றாள் ஹஸ்னா. அவளுக்குக் காதும் கூர்மை.

அடுத்த வாரமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஜாமீன் கையெழுத்துப் போட தாயில்பட்டியிலிருந்து இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். செல்லச்சாமி ஜெயில் வாசலில் காலை எடுத்து வைத்ததும் டம்மென்று சத்தம். மனிதர் மறுபடியும் உள்ளே ஓடப் பார்த்தார். சரவெடிதான். எதிரே மையத்தின் ஃபிளெக்ஸ்: 'எங்கள் முதல் வெற்றி!' அதில் சீனிவாசகம், நவநீதகிருஷ்ணன், கண்ணுச்சாமி, அன்பரசன், எல்லார் படமும் இருந்தது. இடமில்லாததால் செல்லச்சாமி படம் இல்லை. சீனிவாசகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "நீதி வென்றது!" என்றார். ஹஸ்னா எங்கே என்று பார்த்தேன். அவளுக்கு அடுத்த வழக்கு இருந்ததாம்.

வெற்றிவிழாவும் பொதுநல வேலைவாய்ப்பு விழாவும் கல்லூரி அரங்கத்தில் ஒரே மேடையில் நடந்தன. செல்லச்சாமியையும் தங்கத்தாயையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சீனிவாசகம் மைக்கைப் பிடித்தார்.

"பொதுநலச் சேவை செஞ்சா சோத்துக்கு என்ன பண்றதுன்னு பிள்ளைக பயப்படுதுக. இனிமே அந்தப் பயம் வேணாம். நம்ம ஆலைகள்ல ஷெட்டுக்கு ஒரு வக்கீல் போடப்போறோம். 'தொழிலாளர் நலப் பொறுப்பு அலுவலர்'! முதல் நியமனம், நம்ம அக்கா பேத்தி, இந்த வழக்கை முன்னின்னு நடத்தின பிரீத்திகா!"

அரங்கம் அதிர்ந்தது. பிரீத்திகா மேடைக்குப் போனாள். மைக் அணைக்கவில்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"வேலை என்னது சார்?"

"வேலையே இல்ல பாப்பா. ஏசி ரூம், மேஜை, நாற்காலி. ஷெட்டுக்குப் பொறுப்பு உன் பேர்ல இருக்கும், அம்புட்டுத்தான்."

"ஷெட் வெடிச்சுட்டா?"

"அதுக்குத்தான பாப்பா வக்கீலப் போடுதோம்? போர்மேனுக்குச் சட்டம் தெரியாது, பாவம். உள்ள போனா முளிக்கான். உனக்கு எல்லாச் செக்‌ஷனும் தெரியும். நீயே உனக்கு ஜாமீன் போட்டுக்கிடலாம்."

முன்வரிசையிலிருந்து செல்லச்சாமி மெதுவாக எழுந்தார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் வாய்திறந்து பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பாப்பா, போறப்ப கனமா ஒரு போர்வை எடுத்துட்டுப் போங்க. அங்கன தரை சில்லுனு இருக்கும்."

தங்கத்தாய் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிரீத்திகா மைக்கை வாங்கி, "நன்றி சார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஹஸ்னா அக்காகிட்ட ஜூனியரா சேரப்போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தாள்.

சீனிவாசகம் என் பக்கம் திரும்பினார். "என்னக்கா, பிள்ளைய இப்படி வளத்திருக்கீக? அங்கன போட்டோகூட எடுக்க மாட்டாகளாம்."

"ஆமா தம்பி" என்றேன். "வசதி கம்மிதான்."

நல்லவேளையாக அந்த இடம் காலியாகப் போகவில்லை. ஏசி என்றதும் மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். கண்ணுச்சாமி பிள்ளைகளுக்கு வாழ்த்து சொன்னார். நவநீதகிருஷ்ணன், இந்த ஆண்டு நூற்றுக்கு நூறு பொதுநல வேலைவாய்ப்பு என்று அறிவித்தார்.

எனக்கும் அன்றைக்குத்தான் கண் திறந்தது. பொதுநல வக்கீல் என்றால் ஏழைக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர் என்று இத்தனை வயசு வரைக்கும் நினைத்திருந்தேன். முதலாளிக்காக ஜெயிலுக்குப் போகிறவராம்.