லாபம் அண்ணனோட நூத்தி அறுபத்தெட்டு சுத்து

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துல மௌனத்தை அவ்வளவு மதிச்ச இன்னொரு மனுஷனை நான் பார்த்ததில்ல. தன்னோட மௌனத்தை இல்லீங்க, அடுத்தவன் மௌனத்தை. அவர் வேப்பந்தட்டையில பஸ் ஏறினா அரியலூர்ப் பக்கம் எங்க சிமெண்ட் ஆலை வாசல்ல இறங்கற வரைக்கும் வாய் ஓயாது. உள்ள வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டா, மத்தவன் மூச்சு விடறதே குத்தம்.

பேர் லாபம். சம்பளச் சீட்டுல வேற ஏதோ பேர் இருந்துச்சாம், அதைச் சொல்லிக் கூப்பிட்டவங்க யாரும் இல்ல. களத்துமேட்டுல தானியம் அளக்கிறவங்க முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க. "லாபம், ரெண்டு, மூணு"ன்னுதான் எண்ணுவாங்க. இவரும் அப்படித்தான் எண்ணுவார். ஆனா இவர் அளந்தது சோளம் இல்ல, வால்வு.

ஆலையில பெரிய தண்ணிக் குழாய்களைத் திறந்து மூட, தலையில மோட்டார் பெட்டி வெச்ச வால்வுங்க உண்டு. வால்வு முழுசா மூடினதும் உள்ளே இருக்கிற ஸ்விட்ச் 'டிக்'குன்னு மோட்டாரை நிறுத்தணும். கூடவே டிரான்ஸ்மிட்டர்னு ஒரு சாமான், வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு கன்ட்ரோல் ரூம் திரைக்குச் சொல்லும். மூடினா சைபர், திறந்தா நூறு. இந்த ரெண்டையும் சரியா வெச்சுக் குடுக்கறதுதான் லாபம் அண்ணன் வேலை. மத்தவங்க அரைமணி நேரத்துல முடிப்பாங்க. அண்ணன் முடிக்கிறதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே நடத்திடலாம்.

முதல்ல நாள் பார்க்கணும். சிறுவாச்சூர் காளி கோயில் நடை திறக்கிறது திங்களும் வெள்ளியும். "ஆத்தா கதவைத் திறக்கிற நாள்லதான் நான் மூடியைத் திறப்பேன்"ன்னுடுவார். செவ்வாய்க்கிழமை ஒரு வால்வு பழுதானா, அதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓய்வு. எங்களுக்கெல்லாம் அந்த வசதி கிடையாது.

அப்புறம் எண்ணிக்கை. கைச்சக்கரத்தைச் சுத்தி வால்வை மூடணும். மொத்தம் நூத்தி அறுபத்தெட்டு சுத்து. நடுவுல யாராவது வாயைத் திறந்தா போச்சு. ஒரு தரம் நூத்தி நாப்பதுல இருந்தப்போ, கேன்டீன்காரர், பாவம், "அண்ணே, டீ ஆறுது"ன்னாரு.

அண்ணன் நிமிர்ந்தார். "ஆறுதா? எனக்கு வயிறு எரியுது!"

முழுசாத் திறந்துட்டு, மறுபடி "லாபம்..."ன்னு ஆரம்பிச்சார்.

இன்னொரு நாள் ஸ்விட்சோட 'டிக்' காதுல விழலன்னு ஆலை கம்ப்ரசரையே நிறுத்தச் சொன்னார். மீட்டர் வெச்சுப் பாருங்கண்ணேன்னேன். "மீட்டர் பேட்டரியில ஓடுது. காது என் சொந்தக் காது"ன்னார்.

ஒருநாள் கேட்டேன். "எதுக்குண்ணே எண்ணணும்? சக்கரம் இறுகினா மூடிருச்சுன்னு அர்த்தம்தானே?"

"தம்பி, இது சுண்ணாம்புத் தண்ணி. அடியில கசடு கட்டிக்கும். மூடறதுக்கு முன்னாடியே இறுகின மாதிரி நடிக்கும். கையை நம்பாத, எண்ணிக்கையை நம்பு."

பெரிய ஞானின்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

அப்ப நான் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள். ஜெயங்கொண்டத்துல எனக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணோட அப்பா, ஆர்டரைக் கண்ணால பார்த்த பிறகுதான் பத்திரிகை அடிப்பேன்னு சொல்லிட்டார். மாப்பிள்ளை மூஞ்சியைவிட ஆபீஸ் முத்திரை மேல அவருக்கு நம்பிக்கை.

அந்த வாரம் புதன்கிழமை, பம்ப் ஹவுஸ் வால்வை உடனே சரி பண்ணச் சொல்லி மேனேஜர் உத்தரவு. காளியாவது வெள்ளிக்கிழமையாவது! அண்ணன் முனகிக்கிட்டே போனார். திரையில என்னா காட்டுதுன்னு நான் சொல்லணுமே, அதனால அவர் வாக்கி டாக்கி திறந்தே இருந்துச்சு. அதுல எண்ணிக்கை கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நூத்தி அம்பது, நூத்தி அம்பத்தொண்ணு... திடீர்னு மேனேஜர் குரல்.

"என்னய்யா, இன்னுமா முடியல?"

எண்ணிக்கை நின்னுபோச்சு.

"விட்டுப்போச்சுங்க சார். முதல்லேருந்து எண்ணணும்."

"இறுகிடுச்சில்ல? ஸ்விட்சை வெச்சு மூடுய்யா. ஆலை நிக்குது!"

ஸ்குரூ டிரைவர் திருகற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அண்ணன் குரல், "சைபர் காட்டுதா தம்பி?" டிரான்ஸ்மிட்டரைத் திருகிக்கிட்டே கேட்டார். காட்டுச்சு. காட்டுதுன்னேன். அவர் சர்வீஸ்லயே திரும்ப எண்ணாம வெச்ச ஒரே வால்வு அதுதான்.

ரெண்டு நாள் கழிச்சு பிட்டருங்க பம்ப்பைக் கழட்டணும், வால்வு மூடியிருக்கான்னு கேட்டாங்க. திரையில சைபர். "தாராளமா கழட்டுங்க"ன்னேன். கழட்டினாங்க. தண்ணி பீறிட்டு அடிச்சுது. நல்லவேளை, ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. பம்ப் மோட்டார் முழுகிப்போச்சு. வேடிக்கை பார்க்க வந்த மேனேஜர் டையோட சேர்த்து நனைஞ்சார். எனக்குக் கல்யாணப் பத்திரிகை தண்ணியில மிதந்து போற மாதிரி இருந்துச்சு.

மறுநாள் விசாரணை. நடத்தறவர் யாரு? அதே மேனேஜர்தான். வேற டையில.

"சைபர் காட்டுச்சுன்னா தண்ணி எங்கேருந்துய்யா வந்துச்சு? வானத்துலேருந்தா? திரையைப் பார்க்காமயே சொல்லியிருக்க. உன்னை எப்படி நிரந்தரம் பண்றது?"

எண்ணிக்கையைக் கலைச்சது யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா வாய் வரல. சாதாரண நாள்ல நிறுத்தாத வாய், அன்னிக்குன்னு பார்த்து ஒட்டிக்கிச்சு.

கதவைத் தள்ளிக்கிட்டு லாபம் அண்ணன் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடல.

"தம்பி சொன்னது நெசம் சார். சைபர்தான் காட்டியிருக்கும். அந்த சைபரை வெச்சது நானு. கசடுல இறுகினதை மூடிருச்சுன்னு வெச்சுட்டேன். எண்ணிக்கை விட்டுப்போச்சு, திரும்ப எண்ணல. பதினேழு சுத்து பாக்கி. இப்பதான் எண்ணிப் பார்த்துட்டு வரேன்."

"ஏன் விட்டுப்போச்சு?"ன்னு பக்கத்துல இருந்த இன்னொரு ஆபீசர் கேட்டார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவே இல்ல.

"விட்டுப்போச்சுங்க. அவ்வளவுதான்."

அவருக்கு மூணு நாள் சஸ்பெண்ட். எனக்கு முன்னாடி சொன்ன தேதியிலயே ஆர்டர். விசாரணை முடிஞ்சு வெளியில வந்ததும் அவர்கிட்ட, "மேனேஜர் பேசினதாலதான்னு சொல்லியிருக்கலாமேண்ணே"ன்னேன்.

"கேட்டவரு கேட்டுட்டுப் போயிட்டாரு. வெச்ச கை என்னுது"ன்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டார்.

சஸ்பெண்ட் முடிஞ்சும் உடனே வரல. லீவு போட்டுட்டு, திங்கக்கிழமை பார்த்துத்தான் வந்தார். நெத்தியில குங்குமம். நேரா அதே வால்வுகிட்ட போய் சக்கரத்தைப் பிடிச்சார். கையில ஆர்டரோட ஓடினேன். இத்தனை நாள் சேர்த்து வெச்ச நன்றியெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

"அண்ணே..."

சக்கரம் நின்னுது. மெதுவாத் திரும்பிப் பார்த்தார்.

"நூத்தி இருபதுடா, பாவி!"

முழுசாத் திறந்தார். "லாபம்..."னு மறுபடி ஆரம்பிச்சார். நான் அங்கேயே நின்னேன். இருமலைக்கூட முழுங்கிக்கிட்டு நூத்தி அறுபத்தெட்டு சுத்துக்கும் நின்னேன். டிக்.

"இப்ப சொல்லு. என்னா?"

கண்ணு கலங்கிடுச்சு. ஆர்டரை நீட்டினேன். கிரீஸ் கையோட வாங்கிப் படிச்சுட்டு, "பொண்ணு வூட்டுல காட்டு, போ"ன்னு திருப்பிக் குடுத்தார்.

காட்டினேன். கல்யாணமும் நடந்துச்சு. ரெண்டு நிமிஷம் சேர்ந்தாப்புல எனக்கு வாயை மூடத் தெரியாதுன்னு அந்த ஜெயங்கொண்டத்துப் பொண்ணு இன்னிக்கும் சொல்லுது. அந்த ஆர்டர்ல இருக்கிற கிரீஸ் கறையை அது பார்த்திருக்கு. அந்த மனுஷனுக்காக நான் ஒரு மணி நேரம் வாயே திறக்காம நின்னேன்னு சொன்னா மட்டும் நம்பமாட்டேங்குது.